லென்ஸ் மேல் மின்னும் அந்த ஊதா நிறம்: கேள்வி பதில்

கேள்வி: சார், மூக்குக்கண்ணாடிக்கு ‘ஆன்டி-கிளேர்’ (எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு) போடக் கூடுதல் காசு கேட்கிறார்கள். அவசியமா?

என்னைக் கேட்டால் போட்டுக்கொள்ளுங்கள். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4% ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு கண்ணாடியில் இரண்டாகத் தெரிவது இதனால்தான். கேமரா லென்ஸில் இழப்பு இன்னும் மோசம். உள்ளே தனித்தனியாக ஏழு கண்ணாடி இருந்தால் 14 பரப்பு, பூச்சு இல்லாவிட்டால் கடைசியில் போய்ச் சேருவது 56% அளவுதான்.

கேள்வி: பூச்சு என்றால் இன்னொரு பரப்பு சேர்கிறதே, எதிரொளிப்பு கூடத்தானே வேண்டும்?

சரியான கேள்வி, எல்லோரும் இங்கேதான் தடுமாறுவார்கள். பூச்சின் மேற்பரப்பில் ஒரு அலை திரும்புகிறது, பூச்சும் கண்ணாடியும் சேரும் இடத்தில் இன்னொன்று திரும்புகிறது. பூச்சின் தடிமன், பூச்சுக்குள் ஒளிக்கு இருக்கும் அலைநீளத்தில் கால் பங்கு என்றால், இரண்டாவது அலை போய்வருவதில் அரை அலைநீளம் பின்தங்கும். ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சேர்ந்து இரண்டும் அடிபட்டுப்போகும். மெக்னீசியம் ஃபுளூரைடு என்றால் (ஒளிவிலகல் எண், அதாவது பொருளுக்குள் ஒளியின் வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்பது, 1.38) 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு ஏறக்குறைய 100 நானோமீட்டர் போதும். அந்த ஒற்றைப் படலமே சாதாரணக் கண்ணாடியில் 4% எதிரொளிப்பை ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிடும். முழுவதும் அழிய பூச்சின் ஒளிவிலகல் எண் 1.22 அளவில் இருக்க வேண்டும். அப்படி உறுதியான பொருள் எளிதில் கிடைக்காததால்தான் பல அடுக்காகப் பூசுகிறார்கள்.

கேள்வி: அப்படி அழிகிற ஒளி எங்கே போகிறது அண்ணா?

எங்கேயும் தொலைவதில்லை தம்பி. திரும்பி வராத ஒளி அப்படியே லென்ஸைக் கடந்து போகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்ததே இந்த இடம்தான். பல வருடம் கிடந்து மேற்பரப்பு மங்கிய லென்ஸ், புதிய லென்ஸைவிட அதிக ஒளியைக் கடத்துவதை ஆங்கிலேய லென்ஸ் வடிவமைப்பாளர் டென்னிஸ் டெய்லர் 1890களிலேயே கவனித்தார். அந்த மங்கல் படலமே பூச்சு மாதிரி வேலை செய்திருக்கிறது. வெற்றிடத்தில் படலம் பூசும் முறைக்கு, ஜெர்மனியின் சைஸ் லென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்மகுலா காப்புரிமை கேட்டது 1935இல்.

கேள்வி: என் கேமரா லென்ஸ் ஊதாவாக மின்னுகிறதே, பழுதா?

இல்லை. பூச்சு பச்சைக்கு அளந்தது, அதனால் சிவப்பும் நீலமும் கொஞ்சம் மிஞ்சித் திரும்புகின்றன, இரண்டும் கலந்தால் ஊதா. லென்ஸை மெல்லச் சாய்த்துப் பாருங்கள், நிறம் மாறும்.

கேள்வி: பூச்சு போட்டபிறகு கைரேகை அதிகம் தெரிகிறது, ஏன்?

விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் பூச்சின் அந்தக் கால் பங்கு அளவு கெட்டுப்போகிறது. சுற்றிலும் எதிரொளிப்பு இல்லாததால் அந்த இடம் பளிச்சென்று தெரிகிறது. சட்டை நுனியால் தேய்க்காமல் முதலில் தண்ணீரில் அலசுங்கள், அப்புறம் மைக்ரோஃபைபர் துணி. வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள்: பிளாஸ்டிக் லென்ஸ் சூட்டில் விரியும் அளவுக்கு மேலே உள்ள பூச்சு விரியாது. என் கண்ணாடி அப்படித்தான் ஒரே மதியத்தில் சிலந்திவலை மாதிரி வெடித்துப்போனது.