மெஷ் வாங்கும் முன் முகவரிகளை எண்ணுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சுங்கை சிப்புட் டவுனில் கடைவரிசை மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறோம். வார நாளில் வைஃபை நன்றாக ஓடுகிறது. சனிக்கிழமை நான்கு வகுப்பு, வகுப்புக்கு 35 பிள்ளைகள். மூன்றாவது வகுப்பு தொடங்கியதும் சில கைப்பேசிகள் ‘முகவரி பெறுகிறது’ என்றே நின்றுவிடுகின்றன. கடையில் 700 ரிங்கிட்டுக்கு மெஷ் செட் (சிக்னலைப் பரப்பும் பல வைஃபை பெட்டிகள்) போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். சிக்னல்தான் குறை என்றால் காலை வகுப்பிலும் அதே மூலையில் குறைந்திருக்கும். உங்களிடம் முந்தி வந்தவர்களுக்குக் கிடைக்கிறது, பிந்தி வந்தவர்களுக்கு இல்லை. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒன்றாகக் கொடுக்க வைத்திருக்கும் எண்கள், அதாவது ஐபி முகவரிகள், தீர்ந்துபோகின்றன என்பதற்கு இதுவே அடையாளம்.

முகவரி பங்கிடும் வேலை ரவுட்டருக்குள் ஓடும் டிஎச்சிபி என்ற சேவையுடையது. பல வீட்டு ரவுட்டர்களில் இருப்பு, முகவரியின் கடைசி எண்ணில் 100 முதல் 199 வரை, மொத்தம் 100 முகவரிதான். லீஸ் டைம் 24 மணி நேரம். பிள்ளை பத்து மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டாலும், அவன் கைப்பேசி வாங்கிய முகவரி மறுநாள் வரை அவன் கணக்கிலேயே கிடக்கும். மூன்று வகுப்புக்கு 105 கைப்பேசி. ஆசிரியர்களின் மடிக்கணினியும் பிரிண்டரும் வேறு. கணக்கு அங்கேயே உதைக்கிறது.

ரவுட்டர் பக்கத்தில் லேன் பகுதிக்குள் டிஎச்சிபியைத் திறந்து, தொடக்கத்தை 192.168.1.20, முடிவை 192.168.1.239 ஆக்குங்கள். 220 முகவரி கிடைக்கும். லீஸ் டைமை இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள். சில ரவுட்டர்கள் நிமிடத்தில் கேட்கும், 120 போடவும். சில நொடியில் கேட்கும், 7200 போடவும். நொடிப் பெட்டியில் 120 போட்டால் ஒவ்வொரு கைப்பேசியும் நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வந்து கதவைத் தட்டும். மாற்றியபின் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். செலவு ஒரு சென் இல்லை.

மெஷ் போட்டவர்கள் ‘சரியாகிவிட்டது’ என்று சொல்வதும் உண்மைதான். அந்த செட் தானே ரவுட்டராக இயங்கினால் புதிதாக ஒரு முகவரி இருப்பு வந்துவிடும். முகவரி பங்கிடாமல் வைஃபையை மட்டும் பரப்பும் அக்ஸஸ் பாயின்ட் முறையில் போட்டால் பழைய ரவுட்டரின் 100 முகவரியேதான், சனிக்கிழமைத் தொல்லையும் அப்படியே.

கேள்வி: என் ரவுட்டரில் டிஎச்சிபியை அணைக்க மட்டும்தான் முடிகிறது; வேறெதையும் மாற்ற விடவில்லை. சும்மா கிடந்த ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் உபுண்டு இயங்குதளம் ஏற்றி, முகவரி பங்கிடும் டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளைப் போட்டேன். முதலில் ‘போர்ட் 53 பயன்பாட்டில் உள்ளது’ என்று நின்றது. எதையோ மாற்றியதும் ஓடியது. ஆனால் எல்லாக் கைப்பேசியும் இணைகின்றன, இணையம்தான் இல்லை.

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

உபுண்டுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை 127.0.0.53 முகவரியில் போர்ட் 53ஐப் பிடித்திருக்கும். தளப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடும் வேலைக்கான வாசல் அது. டிஎன்எஸ்மாஸ்க் வழக்கமாக எல்லா முகவரியிலும் அதே போர்ட்டைக் கேட்பதால் மோதல். ரிசால்வ்டை நிறுத்திவிடச் சொல்வார்கள். அப்படியே நிறுத்தினால் பையே பெயர் தேட வழியில்லாமல் நிற்கலாம். டிஎன்எஸ்மாஸ்க்கைக் கேபிள் வழியில் மட்டும் கேட்கச் சொன்னால் போதும். இதற்கு பைண்ட்-இன்டர்ஃபேசஸ், பைண்ட்-டைனமிக் என இரண்டு வரிகள் உண்டு. பின்னதைப் போடுங்கள். இடி மழையில் கரண்ட் போய் வரும்போது கேபிள் தயாராகும் முன்பே டிஎன்எஸ்மாஸ்க் எழுந்தால், முன்னது தோற்று நின்றுவிடும். பின்னது காத்திருந்து பிடித்துக்கொள்ளும்.

இணையம் இல்லாததற்குக் காரணம் கேட்வே. வேறு சொல்லாவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க் ‘வெளியே போகும் வழி நானே’ என்று கைப்பேசிகளுக்குத் தன் முகவரியைக் கொடுத்துவிடும். பையோ மற்றக் கருவிகளின் தரவை வெளியே கடத்திவிடாது. கேட்வேயைச் சொல்லும் ஆப்ஷன் 3இல் உண்மையான ரவுட்டரைக் காட்ட வேண்டும்.

பைக்கு 192.168.1.2 என்று நிலையான முகவரி கொடுத்துவிட்டு, அமைப்புக் கோப்பில் இவற்றை எழுதுங்கள் (இங்கே தமிழ் எழுத்தில் இருப்பதைக் கோப்பில் ஆங்கிலச் சிற்றெழுத்தில்; ‘ரிசால்வ்’ என்பதன் கடைசியில் ஆங்கில ‘இ’ வராது):

இன்டர்ஃபேஸ்=ஈடிஎச்0
பைண்ட்-டைனமிக்
டிஎச்சிபி-ரேஞ்ச்=192.168.1.20,192.168.1.239,2எச்
டிஎச்சிபி-ஆப்ஷன்=3,192.168.1.1
டிஎச்சிபி-அத்தாரிடேடிவ்
நோ-ரிசால்வ்
சர்வர்=1.1.1.1
சர்வர்=8.8.8.8
லாக்-டிஎச்சிபி

கேபிள் வழியின் பெயர் எல்லாப் பையிலும் ஈடிஎச்0 அல்ல. உங்களுடையதைப் பார்த்து எழுதுங்கள். பிறகு --டெஸ்ட் சேர்த்து ஓட்டினால் எழுத்துப்பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும். அது சரி என்ற பிறகே ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்து, டிஎன்எஸ்மாஸ்க்கை மறுபடி தொடங்குங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் முந்திப் பதில் சொல்வதே வெல்லும். பாதிப் பேருக்கு ஓடும், பாதிப் பேருக்கு ஓடாது.

இன்னும் தகராறு என்றால் லாகைப் பாருங்கள். டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், ஆக் என நான்கும் வரிசையாக வர வேண்டும். டிஸ்கவரே வரவில்லையென்றால் பையின் ஃபயர்வாலில் (உள்ளே வரும் தொடர்பைத் தடுக்கும் காவல்) டிஎச்சிபிக்கான யுடிபி போர்ட் 67 அடைபட்டிருக்கலாம். ‘நோ அட்ரஸ் அவைலபிள்’ என்றால் இருப்பு தீர்ந்தது. நான்கும் வந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால் 1.1.1.1ஐ பிங் செய்து பதில் வருகிறதா என்று பாருங்கள்; வந்தால் கோளாறு போர்ட் 53 பக்கம், யுடிபி டிசிபி இரண்டையும் திறந்துவிடுங்கள்.

ஒன்றைத் தெரிந்தே இறங்குங்கள். பை அணைந்தால் பெயர் தேடல் அந்த நொடியே நின்றுவிடும். ரவுட்டருக்கு யுபிஎஸ் இருந்தால் பையையும் அதிலேயே செருகுங்கள்.

கேள்வி: மினிமார்க்கெட்டின் சிசிடிவி ரெக்கார்டர் அவ்வப்போது வேறு முகவரிக்குப் போய்விடுகிறது. ஆப் காணவில்லை என்கிறது.

பதில்: ரெக்கார்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கிவிடுங்கள். ரவுட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்றிருக்கும்; டிஎன்எஸ்மாஸ்க்கில் டிஎச்சிபி-ஹோஸ்ட்=மேக்,192.168.1.10. அந்த எண் ரேஞ்சுக்கு வெளியே இருக்கலாம், அதே சப்நெட்டாக, அதாவது இங்கே 192.168.1 என்றே தொடங்குவதாக இருந்தால் சரி. கைப்பேசிக்கு இப்படி ஒதுக்கி நிற்கவில்லையென்றால், மேக் முகவரியின் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் கைப்பேசி தானே உண்டாக்கிய மாற்று முகவரி. அந்த வைஃபைக்கு மட்டும் ‘பிரைவேட் அட்ரஸ்’ அமைப்பை அணைக்கவும்.

கேள்வி: ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறந்த மென்பொருள்) ஏற்றுவதற்குப் பழைய ரவுட்டர் வாங்க நினைக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அதில் டிஎன்எஸ்மாஸ்க் ஏற்கெனவே இருக்கும் என்பதால் தனியாகப் பை தேவையில்லை, நல்ல யோசனை. 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம், இதற்குக் கீழே வேண்டாம். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ளவை மலிவாகக் கிடைக்கும். புதிய பதிப்புகள் அவற்றில் ஏறா. மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயரில் வி1, வி2, வி3 என்று உள்ளே வேறு வேறு சிப் இருக்கும். அடிப்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஓபன்டபிள்யூஆர்டி பட்டியலில் அதே வெர்ஷன் இருக்கிறதா என்று பார்த்தபின் பணம் கட்டுங்கள்.

வந்ததும் பழைய மென்பொருளிலேயே எல்லாக் கேபிள் துளையையும் வைஃபையையும் சோதியுங்கள். மாற்றிய பிறகு குறை சொன்னால் கடைக்காரர் பழியை உங்கள் மேல் போடுவார். கடையில் வாங்கிய பொருளுக்கு ‘திருப்பி எடுக்க மாட்டோம்’ என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 தரும் உரிமை போய்விடாது. பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமல் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு கொடுக்கலாம். அதற்கு ரசீதும், விற்றவர் அனுப்பிய அந்த ஸ்டிக்கர் படமும் கையில் இருக்க வேண்டும்.