அருமண் டானிக் அடித்தால் உருளை பெருக்குமா?

கேள்வி: முக்கால் ஏக்கரில் நீர்போக (பாசனப் பருவ) உருளைக்கிழங்கு வைத்திருக்கிறோம். லாந்தனம், சீரியம் என்ற அருமண் உலோகங்களின் உப்பு கலந்த ‘அருமண் டானிக்’ என்று மருந்துக் கடையில் ஒரு பாட்டிலைக் கொடுக்கிறார்கள். அடிக்கலாமா?
– வாசகர், கேத்தி

பதில்: பாட்டிலைத் திறக்குமுன் மண்ணின் பி.எச். (அமில-காரத் தன்மை) பாருங்கள். லாந்தனமும் சீரியமும் பயிருக்கு இன்றியமையாத சத்துகள் அல்ல. சீனாவில் பல பத்தாண்டுகளாகத் தெளிக்கிறார்கள், உண்மைதான். துளியளவில் வேரும் பச்சையமும் கூடியதுண்டு; கொஞ்சம் ஏறினாலே அதே உப்பு வேரைக் குட்டையாக்கிவிடும். லாந்தனம் அயனி பருமனில் கால்சியத்தைப் போன்றது, வேர்ச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வழியில் போய் அடைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு மண்ணில் அது பெரும்பாலும் கரையாமல் கிடக்கும். நம் நீலகிரி மலையில் பி.எச். 5-க்குக் கீழே இறங்கிய, அமிலம் மிகுந்த தோட்டங்கள் ஏராளம். அங்கே கரைந்து வேரை எட்டும். அலுமினியம் ஏற்கெனவே வேரைக் கருக்கும் மண் அது. அதற்கு முதல் செலவு, அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்பாக இருக்கட்டும்.

பார்த்தே தீருவேன் என்றால் இலைவழி மட்டும், நாலு பாத்தியில். தனிம அளவு அச்சிடாத பாட்டில் வேண்டாம். ஆறு நீர் மூலக்கூறு கொண்ட லாந்தனம் நைட்ரேட்டில் லாந்தனம் 32 சதவீதம்தான். அதில் 3.1 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, 100 மி.லி. எடுத்து டேங்கில் 10 லிட்டராக்கினால், லிட்டருக்கு 10 மில்லிகிராம் லாந்தனம். அதற்கு மேல் போகாதீர்கள். டி.ஏ.பி., 19:19:19 போன்ற பாஸ்பேட் உரம் எதனோடும் கலக்கக் கூடாது. பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். நாசில் அடைக்கும், மணிச்சத்தும் வீண்.

ஒப்பிட்டுப் பார்க்க, இன்னொரு நாலு பாத்திக்கு வெறும் நீரும், டானிக்கோடு சேர்க்கும் அதே ஒட்டும் திரவமும். இரண்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வையுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பிரித்தால் சரிவில் இறங்கிய வண்டல்தான் ஜெயிக்கும்! இலை பச்சையானதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், டானிக்கில் தழைச்சத்து இருந்தாலும் பச்சையாகும். கிழங்கை எடை போடுங்கள்.

கேள்வி: தேயிலைக்கு?
– வாசகர், குன்னூர்

பதில்: வேண்டாம். இலையையே விற்கும் பயிர் அது. தேயிலை அருமணைச் சேர்த்துவைக்கும், கொழுந்தைவிட முற்றிய இலையில் அதிகம். சீனாவிலேயே ஒரு காலத்தில் தேயிலைக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வரம்பு இருந்தது, பிறகு நீக்கினார்கள். அருமணை விரும்பி உறிஞ்சும் செடி வேறு இருக்கிறது: மண்வெட்டுச் சரிவுகளில் கவட்டை கவட்டையாகப் பிரிந்து படரும் டைக்ரனாப்டெரிஸ் பெரணி. சீனாவின் பழைய சுரங்க நிலங்களில் அதன் இலையில்தான் அருமண் குவிகிறது.