விருதுக்கு யார் சாட்சி?

கேள்வி: நான் கல்லூரியில் என்.எஸ்.எஸ். மாணவி. இரண்டு வருடமாகப் பக்கத்து ஊர்க் காலனிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். பல்கலைக்கழகத்தின் சமூக சேவை விருது, முகாமுக்கு ஏழு நாள் மட்டும் வந்துபோன ஒருவருக்குப் போய்விட்டது. அவர் கொடுத்த ஃபைல் பெரியதாம். 'சேவை செய்கிறவர் விருதை எதிர்பார்க்கக் கூடாது' என்கிறார் பேராசிரியர். சரிதானா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சரியில்லை. விருது என்று அறிவித்துவிட்டால், யாருக்கு எதற்காகக் கொடுத்தோம் என்று சொல்லவும் வேண்டும். காரணம் கேட்ட பெண்ணிடம் தியாகத்தைப் பற்றிப் பேசுவது பதில் ஆகாது.

நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது உங்கள் என்.எஸ்.எஸ்., காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. 'நான் அல்ல, நீங்கள்' என்பது அதன் வாசகம். வெள்ளி விழாவை ஒட்டி 1993-94ல் தேசிய விருதுகளும் வந்தன. வாசகத்தில் வருகிற அந்த 'நீங்கள்' யார்? ஊர் மக்கள். விருதுக்கு முதல் சாட்சி அவர்கள்தான். அவர்களை யாரும் கேட்பதில்லை.

ஒரு தேர்வுக் குழுவில் ஒருமுறை நானும் உட்கார்ந்திருக்கிறேன். மேஜை நிறைய ஆல்பம். பேனர், மரக்கன்று, மண்வெட்டி பிடித்த சிறப்பு விருந்தினர். வருடத்துக்கு 120 மணி நேரச் சேவை, இரண்டு வருடத்தில் 240, ஒரு முகாம் என்று கணக்கெல்லாம் சுத்தமாக இருந்தது. மே மாதத்தில் அந்தக் கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஊருக்கு ஒரு நடை போய்ப் பார்க்கலாமே என்றேன். நேரமில்லை என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அப்புறம், சமூக நீதி என்றாலே நம் கல்லூரிகளுக்கு ஒரு பயம். தெருவைக் கூட்டினால் பாராட்டு. சாக்கடையில் இறங்குகிறவர்கள் ஏன் எப்போதும் ஒரே தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேட்கிற மாணவனுக்கு, 'வம்பு எதற்கு' என்ற அறிவுரை. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்தது. முகாம் நடக்கிற ஊரில் அந்தச் சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று வீடு வீடாக விசாரித்து எழுதுகிற மாணவர்களுக்கே நான் முதல் விருதைக் கொடுப்பேன்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, கூலி வேலை செய்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், வீட்டு ஆண்களை எதிர்பார்க்காமல் வேலைக்கும் சந்தைக்கும் போனார்கள். சொல்லிக் கொடுத்த தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. தொண்டு முடிந்த பிறகு அந்த ஊரில் யாரால் புதிதாக என்ன செய்ய முடிகிறது என்று பார்த்துத்தான் விருது கொடுக்க வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. தேர்வு விதிகளையும் குழுவின் முடிவையும் எழுத்தில் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த வருட விருதுக்குமுன் குழு காலனிக்கு நேரில் வர வேண்டும் என்று என்.எஸ்.எஸ். திட்ட அலுவலரிடம் மனுவும் கொடுங்கள். பெற்றோர் சொல்வதையும் அதோடு இணையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, உங்களிடம் படிக்கிற பிள்ளைகளே எழுதட்டும். நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள்.