அந்த மதிப்பெண் உங்களுக்கு வர வேண்டியதுதான்

ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் கால்பந்து உலகக் கோப்பையை முதலில் வென்றவர் யார் என்ற வினாடி வினாக் கேள்விக்கு நீங்கள் சொன்ன சகாலோதான் சரி. பிரேசிலுக்காக 1958, 1962 இரண்டிலும் ஆடி ஜெயித்தவர். 58 இறுதியாட்டத்தில் சுவீடன் வலைக்குள் போன நான்காவது கோல் அவர் அடித்தது. 1970 போட்டிக்குச் சில மாதங்களே இருக்கும்போது அப்போதைய பயிற்சியாளர் சல்தான்யாவை நீக்கிவிட்டு இவரைப் பயிற்சியாளராகப் போட்டார்கள். கூட ஆடிய பெலேவுக்கே பயிற்சியாளர், யோசித்துப் பாருங்கள்! இறுதியாட்டத்தில் இத்தாலியை 4-1 என்று சுருட்டினார்கள்.

அப்புறம், வினாடி வினா நடத்தியவர் ஏன் மேற்கு ஜெர்மனியின் பெக்கன்பவர் என்றார்? அவர் 1974-இல் கேப்டனாகவும் 1990-இல் பயிற்சியாளராகவும் வென்றவர். கேள்வியில் 'கேப்டனாக' என்ற சொல் இருந்ததா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போங்கள்.