பனிச்சறுக்கு பூட்ஸ்: புதிது வாங்குவதா, இருப்பதைக் காயவைத்துக் காப்பாற்றுவதா?

கேள்வி: நானும் மனைவியும் ஆண்டுக்குச் சுமார் 12 நாட்கள் பனிச்சறுக்குக்குப் போகிறோம். மூன்று சீசனுக்கு முன்பு இருவருக்கும் புது பூட்ஸ் வாங்கினோம். எங்களுக்கு அது பெரிய செலவு. இப்போது என் பூட்ஸுக்குள் எப்போது பார்த்தாலும் ஈரம், நாற்றம். சறுக்கும்போது குதிகாலும் பிடிமானம் இல்லாமல் எழும்புகிறது. ஆயுள் முடிந்துவிட்டது, தவணையில் புதிது எடுங்கள் என்கிறார்கள் கடையில். மின் உலர்த்தி ஒன்று வாங்கினால் போதும் என்கிறார் மனைவி. பேசாமல் வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாமோ என்று எனக்குத் தோன்றுகிறது. வளரும் வயதில் இருக்கும் மகளுக்கும் இந்த ஆண்டு பூட்ஸ் வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் ஈரமும் நாற்றமும் பராமரிப்பால் தீரக்கூடியவை. குதிகால் தளர்வுக்குத்தான் செலவு வரலாம். அந்தச் செலவு முழு பூட்ஸின் விலையா, அதில் ஒரு பகுதியா என்பதை வீட்டிலேயே சோதித்துவிட முடியும்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். பூட்ஸின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை 36 நாட்கள் அணிந்திருக்கிறீர்கள். இன்றே தூக்கிப் போட்டால் நாளொன்றுக்கு 2.8 செலவாகியிருக்கிறது. அதே பூட்ஸை 120 நாட்கள் வரை பயன்படுத்தினால், இடையில் புது லைனருக்கு (பூட்ஸின் உள்ளே இருக்கும் நுரை உறை) 40, உலர்த்திக்கு 10 என்று செலவழித்தாலும் மொத்தம் 150, நாளொன்றுக்கு 1.25. பாதிக்கும் குறைவு. இந்த 40, 10 இரண்டும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் கடையில் கேட்ட விலைகளைப் போட்டுப் பாருங்கள். புதிது வாங்கி அதையும் இப்படியே ஈரத்தோடு மூடி வைத்தால், மூன்று சீசன் கழித்து இதே கேள்வியோடு நிற்பீர்கள், தவணை வட்டியையும் கட்டி முடித்துவிட்டு.

பனிச்சறுக்கு பூட்ஸ் ஒரே பொருள்போலத் தெரிந்தாலும் வாங்கும்போது நீங்கள் இரண்டு பொருட்களுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு. உள்ளே நுரையால் ஆன லைனர். இரண்டுக்கும் ஆயுள் ஒன்றல்ல. கால் அழுத்த அழுத்த நுரை அமுங்கித் தட்டையாகிறது, வியர்வையைக் குடிக்கிறது. ஓடு அதைவிட வெகுநாள் தாங்கும். பெரும்பாலான பூட்ஸில் லைனரை மட்டும் தனியாக மாற்றலாம். விற்பனையாளர் இதைத் தாமாகச் சொல்வது குறைவு, ஆகவே நீங்கள் கேட்க வேண்டும்.

இப்போது அந்தச் சோதனை. லைனரை வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல் நுனிகள் முன்பக்கம் இலேசாகத் தொடும்வரை காலை முன்னே தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஓடு உங்கள் அளவுதான். அமுங்கிப் போனது லைனர், அதை மாற்றினால் போதும். இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டினால் பூட்ஸ் முதலிலிருந்தே பெரியது. அதில் புது லைனர் போடுவது வீண் செலவு. அந்த நிலையில் மட்டும் புதிது வாங்குவதை நான் ஆதரிப்பேன். மூன்று சீசனுக்கு முன்பு கொடுத்த பணத்தை நினைத்துப் பொருந்தாத ஓட்டைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

லைனரை எடுத்த கையோடு அதன் விரல் பகுதிக்குள் கையை விட்டுப் பாருங்கள். லைனருக்குள் பாதத்தின் அடியில் கிடக்கும் பாதத்தட்டையும் உருவிப் புரட்டிப் பாருங்கள். மேலே கைக்குக் காய்ந்ததுபோல இருக்கும். அடியில் விரல்கள் அழுந்தும் இடத்தில் கருத்த ஈரத் திட்டு இருக்கும். நாற்றத்தின் பிறப்பிடம் அதுதான். அதோடு, ஈர நுரையால் குளிரைத் தடுக்க முடியாது. அடுத்த நாள் காலையில் கால் விறைக்கிறது. விறைக்கிறதே என்று இன்னும் தடித்த காலுறை வாங்குகிறோம். தடித்த காலுறை நுரையை மேலும் நசுக்குகிறது. ஒரு செலவு இன்னொரு செலவைப் பெற்றெடுப்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். மெல்லிய ஒற்றைக் காலுறை போதும், நாள்தோறும் துவைத்ததாக இருக்க வேண்டும்.

சறுக்கிவிட்டுத் திரும்பியதும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பனியைத் தட்டித் துடைத்துவிட்டு, பூட்ஸ் அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுங்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும். அப்போது லைனரை இழுத்தால் கிழியும். ஓடு இளகியபின் இரு மடல்களையும் அகல விரித்து, லைனரின் குதிகால் பக்கத்தைப் பிடித்து உருவினால் வந்துவிடும். பாதத்தட்டைத் தனியே எடுத்து வையுங்கள். ஓட்டின் உட்புறத்தில் தேங்கிய நீரைத் துடையுங்கள். லைனரின் நாக்கை வெளியே மடக்கி, காற்றோட்டமான இடத்தில் வாய் திறந்தபடி வைத்தால் இரவுக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். முன்னால் ஒரு மின்விசிறி ஓடினால் இன்னும் சீக்கிரம். கசக்கிய செய்தித்தாளை உள்ளே திணித்து வைப்பதும் நல்ல வழி, ஆனால் ஒரு மணி நேரத்தில் அது நனைந்துவிடும். மாற்றாமல் விட்டால் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்ததாகும்.

ஹீட்டர் பக்கத்திலோ அடுப்பு அருகிலோ மட்டும் வைக்காதீர்கள். இதைப் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். ஒருமுறை அவசரத்தில் என் லைனர்களை ஹீட்டர்மேல் சாய்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் ஒன்றின் விரல்முனைத் தையலோரம் பசை விட்டுப் பிளந்திருந்தது. இன்னொன்றின் பக்கவாட்டு நுரை சுருங்கிக் கணுக்கால் எலும்பில் குத்தியது. பல லைனர்களின் நுரை, சூட்டில் இளகிக் காலின் வடிவத்துக்கு அமையும்படியே செய்யப்பட்டது. காலை உள்ளே வைக்காமல் சூடாக்கினால் அது வேறு ஏதோ வடிவத்துக்குப் போகும். சுடுகாற்று வீசும் முடி உலர்த்தியும் இதே கேட்டைச் செய்யும்.

உங்கள் மனைவி சொல்வது சரி. மின் உலர்த்தியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஏனென்றால் களைத்து வந்த மாலையில் நாள் தவறாமல் லைனரை உருவ எல்லோராலும் முடியாது. குழாய் வழியாக இளஞ்சூட்டுக் காற்று மெதுவாக ஏறும் வகை ஒன்று. ஒரு இரவு எடுக்கும், சத்தம் இருக்காது. விசிறி வைத்த வகை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். காற்றின் சூடு 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் நுரைக்கு ஆபத்தில்லை. வீட்டில் மூன்று பேர் என்பதால் இரண்டு ஜோடியாவது ஒரே நேரத்தில் மாட்டும்படி வாங்குங்கள். தவணை வேண்டாம், கையிருப்பிலிருந்தே கொடுங்கள்.

ஏற்கெனவே ஊறிய நாற்றத்துக்கு லைனரை வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கையால் அலசி, பிழியாமல் அழுத்தி நீரெடுத்து, முழுதாகக் காயவிடுங்கள். துவைக்கும் இயந்திரம் கூடாது. வாசனைத் தெளிப்பான்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஈரம் இருக்கும்வரை நாற்றம் திரும்பும்.

சீசன் முடிந்ததும் நன்றாகக் காய்ந்த லைனரை ஓட்டுக்குள் பொருத்தி, பக்கிள்களை இறுக்காமல் முதல் பல்லில் மாட்டி வைத்தால் ஓடு வடிவம் கெடாது. வெயிலும் ஈரமும் படாத இடம் வேண்டும். கார் டிக்கி ஆகாது. சீசனின்போதும் இரவில் காரில் விட்டுவராதீர்கள். காலையில் விறைத்த ஓட்டுக்குள் காலைத் திணிக்கும் போராட்டத்தில் லைனரின் விளிம்புதான் கிழிகிறது.

வாடகை பற்றி: பூட்ஸ் விலையை ஒரு நாள் வாடகையால் வகுங்கள். வரும் எண்ணைவிட அதிக நாட்கள் அணியப்போகிறீர்கள் என்றால் சொந்தமாக வைத்திருப்பது இலாபம். உங்கள் இருவருக்கும் வாங்கிய செலவு முடிந்துபோனது. இனி லைனரின் விலையைத்தான் வாடகையோடு ஒப்பிட வேண்டும், அதில் வாடகை வெல்வது கடினம். மகளுக்கு நேர்மாறு. அடுத்த சீசனில் அவள் கால் வளர்ந்துவிடும். சீசன் முழுவதற்குமான வாடகையோ, நல்ல நிலையில் உள்ள பழைய பூட்ஸோ எடுங்கள். வளர்வாளே என்று இரண்டு அளவு பெரியதாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தளர்ந்த பூட்ஸில் குழந்தையால் பலகையைக் கட்டுப்படுத்த முடியாது.

எவ்வளவு பராமரித்தாலும் இரண்டு இடங்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒன்று, அடிப்பாகத்தின் முனையும் குதியும். தார்ச்சாலையிலும் வாகன நிறுத்தத்திலும் நடந்து நடந்து அவை தேய்ந்தால், பூட்ஸைப் பலகையோடு பிணைத்து, விழும்போது காலை விடுவிக்க வேண்டிய பைண்டிங் சரியாக வேலை செய்யாமல் போகலாம். சில பூட்ஸில் இந்தத் துண்டுகளை மட்டும் மாற்றலாம். அப்படி மாற்றினால் பைண்டிங்கையும் கடையில் சோதிக்கக் கொடுங்கள். நடப்பதற்கென்று ரப்பர் உறை கிடைக்கிறது, அதை மாட்டிக்கொண்டால் தேய்மானம் குறையும். மற்றொன்று, ஓட்டின் வயது. பாலியூரித்தேன் பிளாஸ்டிக் அணியாமல் வைத்திருந்தாலும் ஆண்டுகள் போகப் போக நொறுங்கும் தன்மை பெறுகிறது. பத்து ஆண்டுகளைத் தாண்டிய ஓடுகள் சறுக்கும்போதே உடைந்ததுண்டு. மகளுக்குப் பழையது வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல், தயாரித்த ஆண்டைக் கேட்டு, கணுக்கால் மடிப்பருகே நகக்கண் அளவு விரிசலாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.