வாசகர் கேள்வி – பதில்: சீனத் தூரிகையும் கடற்கரைக் காற்றும்

சீனத் தூரிகை ஓவியமும் எழுத்தணிக்கலையும் பயிலத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறேன். எல்லாமே திருகோணமலையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இருந்து வந்தவை. மயிர், மரப்பட்டை, தோற்பசை ஆகியவற்றால் ஆன இப்பொருள்கள் தாம் இருக்கும் இடத்தின் காற்றை உடனே உணர்பவை. ஆகவே பொது விதிகளை நமது ஊரின் ஈரத்தோடும் உப்போடும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (உப்புவெளி வாசகி): பத்துத் தூரிகைகள், மைக்கல், மைக்கட்டி, முத்திரை எல்லாம் அடங்கிய அழகான பெட்டி ஒன்றை இணையத்தில் பார்த்தேன். புதிதாகத் தொடங்கும் நான் அதை வாங்கலாமா?

வாங்க வேண்டாம். பட்டுத்துணி ஒட்டிய அத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் பரிசாகக் கொடுப்பதற்கென்று செய்யப்படுபவை. அவற்றிலுள்ள தூரிகைகளில் பலவற்றை நீங்கள் தொடவே மாட்டீர்கள், மைக்கட்டியை நீர் விட்டு அரைப்பதற்கான மைக்கல்லோ அதை அரைக்காமல் வழுக்கக்கூடும். தூரிகை, மை, தாள், மைக்கல் ஆகிய நான்கையும் படிப்பறையின் நான்கு செல்வங்கள் என்று சீனர்கள் போற்றுவது உண்மைதான், ஆனால் தொடங்குபவர் நான்குக்கும் ஒரே அளவில் பணம் செலவிட வேண்டியதில்லை. பணத்தின் பெரும்பங்கை ஒரே ஒரு நல்ல தூரிகைக்கும் மீதியைத் தாளுக்கும் கொடுங்கள். மையைப் போத்தலில் வாங்கலாம். பெய்ஜிங்கில் 1865 இல் தொடங்கப்பட்ட யீதகெ போன்ற பழைய நிறுவனங்களின் போத்தல் மை பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். அதை ஊற்றி வைக்க வீட்டிலுள்ள வெள்ளைப் பீங்கான் தட்டு நல்லது; நீர் கலக்கக் கலக்கக் கருமை எப்படி வெளிறுகிறது என்பது வெள்ளைப் பின்னணியில் தெளிவாகத் தெரியும்.

தூரிகையைப் பொறுத்தவரை மூன்று வகைகளை அறிந்தால் போதும். வெள்ளாட்டு மயிர்த் தூரிகை மென்மையானது, நிறைய நீரைத் தாங்குவது, ஆனால் வளைந்தால் எளிதில் நிமிராது. சைபீரிய வீசல் என்னும் சிறு விலங்கின் வால் மயிரால் செய்தது துள்ளி நிமிரும். மூங்கில் இலைக்கும் ஓர்க்கிட் இதழுக்கும் அது ஏற்றது, நீரைக் குறைவாகவே தாங்கும். நடுவில் விறைப்பான மயிரையும் சுற்றிலும் ஆட்டு மயிரையும் வைத்துக் கட்டிய கலப்புத் தூரிகையே தொடக்கத்துக்கு உகந்தது. மயிர்ப்பகுதி மூன்று முதல் நான்கு சென்டிமீற்றர் நீளமுள்ள ஒன்றை வாங்கினால் எழுதவும் வரையவும் அதுவே உதவும். தூரிகைக்குப் பெயர்பெற்ற இடம் செஜியாங் மாகாணத்தின் ஹூசோவுக்கு அருகிலுள்ள ஷான்லியான் என்னும் சிற்றூர். ஆயினும் கைப்பிடியில் செதுக்கியிருக்கும் ஊர்ப்பெயரை நம்பி மட்டும் வாங்காதீர்கள். நல்ல தூரிகைக்குச் சீனர் வகுத்த நான்கு இலக்கணங்கள் உண்டு: நனைத்ததும் முனை கூராகக் குவிய வேண்டும்; விரலால் தட்டையாக அழுத்தினால் மயிர் நுனிகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்; வயிறு எப்பக்கமும் பள்ளமின்றி உருண்டிருக்க வேண்டும்; அழுத்தி எடுத்தால் நிமிர வேண்டும். புதுத்தூரிகை பசையிட்டு விறைத்திருக்கும் என்பதால் இவற்றைக் கடையில் பார்க்க முடியாது; வீட்டுக்கு வந்து பசையைக் கரைத்த பின்னரே தெரியும். அதனால் முதலில் ஒன்றை மட்டும் வாங்கிப் பார்த்து, பிடித்திருந்தால் அதே கடையில் அடுத்ததை வாங்குங்கள்.

கேள்வி (டச்சுக்குடாவுக்கு அருகில் வசிக்கும் வாசகர்): நல்ல விலை கொடுத்து வாங்கிய தூரிகையின் மயிர் கொத்தாகக் கழன்றுவிட்டது. மூங்கில் கைப்பிடியும் வெடித்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் சுடுநீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குவளையில் நிமிர்த்தித்தான் வைக்கிறேன். என்ன குறை?

உங்கள் அக்கறையில் குறையில்லை, முறையில்தான் இருக்கிறது. மரபுவழித் தூரிகையில் மயிர்க்கற்றையின் அடி நூலால் இறுகக் கட்டப்பட்டு, பிசினால் மூங்கிலுக்குள் பொருத்தப்படுகிறது. சுடுநீர் அந்தப் பிசினை இளக்கிவிடும். சவர்க்காரம் மயிருக்கு இயல்பாக உள்ள எண்ணெய்ப்பசையை நீக்குவதால் மயிர் வறண்டு முறியும். முனை மேலிருக்க நிமிர்த்தி வைக்கும்போது, மயிரில் தங்கிய நீர் கீழிறங்கிக் கைப்பிடிக்குள் ஊறுகிறது. மாரிக்காலத்தில் அது காயாமல் உள்ளேயே அழுகலைத் தொடக்கும். பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கியதும், ஊறிப் பருத்த மூங்கில் சட்டென்று உலர்ந்து வெடிக்கும். உங்கள் தூரிகைக்கு இவையெல்லாம் சேர்ந்தே நேர்ந்திருக்க வேண்டும்.

புதுத்தூரிகையை முதலில் குளிர்ந்த நீரிலோ இளஞ்சூட்டு நீரிலோ மயிர்ப்பகுதி மட்டும் நனையும்படி வைத்து, பசை கரையக் கரைய விரல்களால் மெல்லத் தளர்த்துங்கள். காய்ந்த நிலையில் விரித்துப் பார்க்கக் கூடாது. முதல் சில நாள்களில் ஓரிரு மயிர்கள் உதிர்வது இயல்பு. வேலை முடிந்தவுடன், மை காயும் முன்னரே, பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். முனையைக் காட்டிலும் கைப்பிடியோடு சேரும் அடிப்பகுதியைக் கவனியுங்கள். மை தங்குவது அங்கேதான். அங்கே காய்ந்து கட்டியான மை மயிரை விரியச் செய்து, முனை இனிமேல் குவியாதபடி கெடுத்துவிடும். தெளிந்த நீர் வரும்வரை கழுவி, துணியில் ஒற்றி, விரல்களால் முனையைக் குவித்து, கைப்பிடியின் நுனியிலுள்ள நூற்கண்ணியால் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தொங்கவிட வசதியில்லையென்றால், முனை சற்றுத் தாழ்ந்திருக்குமாறு தட்டின் விளிம்பில் படுக்கவைக்கலாம். நிழலும் காற்றும் வேண்டும், வெயில் கூடாது. உங்கள் வீடு கடலைப் பார்த்திருப்பதால் ஜன்னலோரத்தைத் தவிர்த்து உள்ளறையில் தொங்கவிடுவதே நல்லது. உப்புப் படிந்த மயிர் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

வாங்கும்போது முனையில் மாட்டியிருக்கும் பிளாஸ்ரிக் மூடியை எறிந்துவிடுங்கள். ஈரத்தூரிகைக்கு அதை மாட்டினால் பூஞ்சணம் உறுதி. நெடுநாள் எடுக்காத தூரிகைகளை நன்றாக உலர்த்தி, துணியில் முடிந்த கற்பூரத் துண்டோடு பெட்டியில் வையுங்கள். மயிரைத் தின்னும் பூச்சிகளுக்கு ஆட்டு மயிர் மிகவும் பிடிக்கும்.

கேள்வி (கிண்ணியா, சித்திரப்பாட ஆசிரியர்): மாணவர்களுக்கு ஷுவான் தாள் வாங்கிக் கொடுக்க இயலாது. டிமைத் தாளிலோ பட்டம் கட்டும் திசுத் தாளிலோ பயிற்சி கொடுக்கலாமா?

ஷுவான் தாள் ஏன் வேறுபடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்ஹுயி மாகாணத்தின் ஜிங் மாவட்டத்தில் சிங்தான் என்னும் மரத்தின் பட்டையையும் நெல் வைக்கோலையும் சேர்த்து இத்தாள் செய்யப்படுகிறது. இந்தக் கைவினையை யுனெஸ்கோ 2009 இல் மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பட்டை மிகுந்த தாள் உறுதியானது, வைக்கோல் மிகுந்தது மென்மையானது. எதுவும் பூசப்படாத பச்சைத் தாளில் மை உடனே பரவும். எவ்வளவு நீர், எவ்வளவு வேகம் என்பதை அது ஒளிக்காமல் காட்டிவிடுவதால், மையின் ஓட்டத்தைக் கற்க அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. படிகாரமும் பசையும் பூசிய தாளில் மை பரவாது. நுண்கோடுகளால் வரைந்து வண்ணம் அடுக்கும் ஓவியத்துக்கு அது ஏற்றது. இரண்டுக்கும் நடுவிலான அரைப்பூச்சுத் தாளும் உண்டு. நமது ஊரில் பூச்சிட்ட தாளைச் சேமித்து வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. காலம் செல்லச் செல்லப் பூச்சு ஆங்காங்கே தளர்ந்து, வண்ணம் அவ்விடங்களில் மட்டும் பொட்டுப் பொட்டாக ஊறும். ஈர வெப்பம் அதை விரைவுபடுத்தும். பச்சைத் தாளோ பூச்சியும் ஈரமும் அணுகாமல் காத்தால், ஆண்டுகள் ஆக ஆக மேலும் பதமாகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிமைத் தாளில் மை மேலேயே நிற்கும். கோட்டின் வடிவைப் பழகலாம், மையின் பரவலைப் பழக முடியாது. திசுத் தாள் ஈரம் பட்டதும் கிழிந்துவிடும். அவற்றைவிட அச்சகங்களில் மீதமாகும் பத்திரிகைத் தாள் நல்லது. அது மையை ஓரளவு உறிஞ்சும், மிக மலிவாகவும் கிடைக்கும். சில மாதங்களில் மஞ்சளாகிவிடும் என்றாலும் பயிற்சிக்கு அது பொருட்டல்ல. எழுத்துப் பயிற்சிக்கு, நீரால் எழுதினால் கறுத்து உலர்ந்ததும் மறையும் துணிகள் விற்கப்படுகின்றன. வகுப்புக்கு இரண்டு மூன்று இருந்தால் தாள் பெருமளவு மிச்சமாகும். மாதத்தில் ஒருமுறையாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு துண்டு உண்மையான பச்சைத் தாளைக் கொடுங்கள். 69க்கு 138 சென்டிமீற்றர் அளவுள்ள ஒரு முழுத்தாளை எட்டாக வெட்டலாம். ‘ஷுவான்’ என்று விற்கப்படும் பலவற்றில் சிங்தான் பட்டையே இல்லை, வெறும் மரக்கூழ்தான். சிறு துண்டுக்குத் துளி மையிட்டுப் பார்த்து வாங்குங்கள். வட்டம் ஒழுங்காகப் பரவி, கருமை மங்காமல் காய வேண்டும். எழுதும்போது தாளுக்கு அடியில் பழைய கம்பளித் துணியை விரிக்கச் சொல்லுங்கள். வெறும் மேசையில் வைத்தால் ஊறிய மை பலகையில் தேங்கிக் கறையாகும்.

இன்னொன்றையும் ஆசிரியர் என்ற முறையில் நீங்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் குவிக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு விரைவில் வந்துவிடும். சீன ஓவியத்தின் மரபான மஞ்சள், கம்போஜ் என்னும் மரப்பிசினாலானது, அது நஞ்சு. முத்திரைச் சாந்தின் சிவப்பு பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம். பள்ளிக்கூடத்தில் இவ்விரண்டையும் தவிர்த்து, குழந்தைகளுக்கான நீர்வண்ணத்தையே பயன்படுத்துங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு வாசகர்): மைக்கட்டியை எவ்வளவு நேரம் அரைத்தாலும் மை மணல் மணலாகத் திரிகிறது. கட்டி போலியானதா?

கட்டியைப் பழிக்கும் முன் கிணற்று நீரைச் சந்தேகியுங்கள். மை என்பது பசை சுற்றிய நுண்ணிய புகைக்கரி நீரில் மிதப்பது. துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் அவை பிரிந்து நிற்கின்றன. நீரில் உப்பு கூடினால் அந்தத் தள்ளுவிசை தளர்ந்து துகள்கள் திரளும். கொதிக்க வைப்பதால் உப்பு போகாது. மாரியில் சுத்தமான பாத்திரத்தில் மழைநீரைப் பிடித்து வையுங்கள், அல்லது உப்பு நீக்கிய குடிநீரை வாங்குங்கள். மைக்கு வேண்டியது சில துளிகள்தானே. அப்போதும் திரிந்தால் கட்டியே தரமற்றது.

அரைக்கும் முறையும் முக்கியம். சில துளி நீரை விட்டு, கட்டியைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல், அவசரப்படாமல் வட்டமாக அரைக்க வேண்டும். அழுத்தி அரைத்தால் பருத்த துகள்கள்தான் பெயரும். பைன் மரப் புகைக்கரியில் செய்த கட்டி நீலம் பாய்ந்த, பளபளப்பற்ற கருமை தரும்; துங் மர விதை எண்ணெய் போன்றவற்றை எரித்த கரியில் செய்தது பளபளப்பான, வெதுவெதுப்பான கருமை தரும். ஓவியத்துக்கு நான் இரண்டாவதையே விரும்புகிறேன். அரைத்து முடிந்ததும் கட்டியின் ஈரமுனையைத் துடைத்து, தாளில் சுற்றி வையுங்கள். மைக்கல்லின் மேல் விட்டால் ஒட்டிக்கொள்ளும், கச்சானில் திறந்து வைத்தால் பிளக்கும். மைக்கல்லையும் அன்றன்றே கழுவுங்கள். நமது வெப்பத்தில் அரைத்த மையிலுள்ள பசை விரைவில் புளித்து நாறத் தொடங்கும்.

கேள்வி (மூதூர் வாசகி): புத்தகசாலையில் கிடைக்கும் இந்தியன் இங்க்கைப் பயன்படுத்தலாமா?

தூரிகைக்குக் கூடாது. நீரில் கரையாத அத்தகைய மைகள் பலவற்றில் அரக்கு சேர்ந்திருக்கும். அது மயிரின் அடியில் காய்ந்தால் எந்த நீரிலும் கரையாது.

கேள்வி (தம்பலகாமம் வாசகர்): சைவ உணவுப் பழக்கமுள்ளவன் நான். மையில் விலங்குப் பசை இருக்கிறதா?

மரபான மைக்கட்டியில் கட்டாயம் இருக்கிறது. தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த பசை இல்லாமல் கட்டி உருவாகாது. போத்தல் மைகளில் செயற்கைப் பிசின் சேர்த்தவை உண்டு. குறிப்பைப் பார்த்து அவற்றை வாங்குங்கள். அவை கடினமாகக் காயும் என்பதால் தூரிகையை உடனே கழுவ வேண்டும். தூரிகையும் மயிராலானதே, செயற்கை இழைத் தூரிகைகள் நீரைக் குறைவாகத் தாங்கினாலும் பழகிக்கொள்ளலாம்.

கேள்வி (நிலாவெளி வாசகி): முடித்த ஓவியத்தைக் கோதுமை மாப் பசையில் மயில்துத்தம் கலந்து மட்டையில் ஒட்டிக் கண்ணாடிச் சட்டமிட்டேன். பூஞ்சணம் பிடித்துவிட்டது. அடுத்த ஓவியத்தை எப்படிக் காப்பது?

மயில்துத்தம் பூச்சியைத் தடுக்கலாம், ஆனால் அதிலுள்ள செம்பு தாளின் நார்களைச் சிதைத்து நாளடைவில் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். மாவை அப்படியே காய்ச்சுவதும் சரியன்று. பூச்சிகளை இழுப்பதில் அதிலுள்ள பிசுபிசுப்பான புரதத்துக்கும் பங்குண்டு. மாவைப் பிசைந்து நீருக்குள் வைத்துக் கசக்கினால் வெள்ளை மாச்சத்து பிரிந்து நீரில் இறங்கும், ரப்பர் போன்ற பகுதி கையில் மிஞ்சும். அந்த நீரைத் தெளியவிட்டு, அடியில் படிந்ததை மட்டும் காய்ச்சி, மிக நீர்க்கப் பயன்படுத்துங்கள். ஓவியத்தை நேரே மட்டையில் ஒட்டாமல், முதலில் அதே வகைத் தாளொன்றைப் பின்புறம் ஒட்டி வலுவூட்டுவதே சீனர் முறை. வெள்ளை மரப்பசை வேண்டாம். அதைப் பின்னால் பிரிக்க முடியாது. வரைந்த மை சில நாள்களாவது காய்ந்திருந்தால்தான் ஈரப்பசை படும்போது கலங்காது.

கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி நடுவில் தடித்த அட்டை விளிம்பு வையுங்கள். தொட்டால் மாரி இரவுகளில் வேர்க்கும் ஈரம் தாளிலேயே தங்கும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், வெயிலும் விழக் கூடாது. கரிமை மங்காது என்றாலும் மரபான தாவர வண்ணங்கள் மங்கும். பூஞ்சணம் பிடித்த இப்போதைய ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, காற்றோட்டமான நிழலில் முழுமையாக உலரவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான உலர் தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, கறை தாளுக்குள் இறங்கிவிடும். ஒக்டோபரில் மழை தொடங்கும் முன் அலுமாரியிலுள்ள தாள்களையும் ஓவியங்களையும் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வைத்து, தரையையும் சுவரையும் ஒட்டாத தட்டில் மீண்டும் அடுக்குங்கள். பொலித்தீன் உறையில் போட்டு இறுகக் கட்டாமல், பருத்தித் துணியில் சுற்றினால் போதும்.