மணல் இருந்தால் மட்டும் போதுமா? எண்ணெய்ப் பாறை பற்றிக் கேள்வி பதில்

ஹட்டன் ஆசிரியர்: நம்ம மலையில் இல்லாத பாறையா? எண்ணெய் கிடைக்காதா?

கிடைக்காது சேர். எண்ணெய் தங்குவது பாறையின் நுண்துளைகளில். நம்ம மலையில் இருப்பவை பிரிகேம்பிரியன் என்ற மிகப் பழைய காலத்து உருமாறிய பாறைகள். ஆழத்தில் வெந்து இறுகியதில் துளையே மிச்சமில்லை. தேடுகிறவர்கள் மன்னார் கடலுக்குத்தான் போகிறார்கள். 2011இல் அங்கே டொராடோ கிணற்றில் மணற்கல்லுக்குள் இயற்கை வாயு கண்டார்கள்.

பதுளை ஏ.எல். மாணவி: மணற்கல் என்றாலே துளை இருக்குமே, அதில் என்ன நல்லது கெட்டது?

தங்கச்சி, தேயிலைத் தொழிற்சாலையில் சலிப்பதைப் பார்த்திருப்பீங்க. ஒரு டின்னில் பி.ஓ.பி. என்ற பெரிய துகள், இன்னொன்றில் டஸ்ட் என்ற பொடி, மூன்றாவதில் இரண்டும் கலந்தது. முதல் இரண்டிலும் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்றாவதில் பொடி இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். ஒரே அளவு உருண்டைகளை மிக நெருக்கி அடுக்கினாலும் 26 சதவீதம் வெற்றிடம் மிஞ்சும்; உருண்டை பெரிதா சிறிதா என்பது அந்தக் கணக்கில் வராது. ஆனால் எண்ணெய் ஓடுவதற்கு அது முக்கியம்: மணல் மணியின் விட்டம் பாதியானால், ஊடுபுகவிடும் தன்மை ஏறக்குறைய கால்வாசியாகிவிடும்.

சரி, இயற்கையில் யார் சலிப்பது? காற்றும் கரை அலையும் கெட்டிக்காரர்கள். ஆறு சுமார். வெள்ளம் எல்லாவற்றையும் அப்படியே கொட்டிவிட்டுப் போகும்.

கண்டி வாசகர்: மகாவலி மணல் மாதிரி ஆற்று மணல் என்றால்?

கட்டடத்துக்கு அருமை! எண்ணெய்க்கு ஆற்றுப் படுகையை நம்புவது கொஞ்சம் சூதாட்டம். ஆறு வழி மாறும், இடையில் வெள்ளச் சமவெளிக் களி படியும். ஒரு கிணற்றில் தடித்த மணல், சற்றுத் தள்ளித் தோண்டினால் வெறும் களி. இன்னொன்று, வாய்க்கால் மணலில் பருமணல் அடியில், நுண்மணல் மேலே. எண்ணெயைத் தள்ள நீர் செலுத்தினால் அது அடியாலேயே ஓடிவிடும், மேலே எண்ணெய் தங்கிவிடும். ஆறு கடலில் சேரும் டெல்டா முகப்பில் இது தலைகீழ், பருமணல் மேலே. எனக்குப் பிடித்தது அதுதான்.

பண்டாரவளை வாசகர்: அப்போ பாலைவன மணல்தான் முதலிடமா?

பெரும்பாலும். நெதர்லாந்தில் 1959இல் கண்ட குரோனிங்கன் வாயு வயல், பெர்மியன் என்ற பழங்காலத்தில் காற்றும் ஆறும் படியவைத்த மணற்கல். ஆனால் பிறந்த ஜாதகம், அதாவது மணல் படிந்த விதம், நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதே வகை மணற்கல் சில இடங்களில் ஆழமாகப் புதைந்தபோது, துளைகளுக்குள் இலைட் என்ற களி நூல் நூலாக வளர்ந்தது. துளை இருக்கிறது, வாயு நகராது. இதற்கு நேர்மாறாக, சில டெல்டா மணல்களில் குளோரைட் களி மணிகளின் மேல் மெல்லிய தோலாகப் படிந்து, குவார்ட்ஸ் என்ற கனிமம் வளர்ந்து துளையை அடைக்காமல் காக்கும். களி என்றதும் முகம் சுளிக்காதீங்க, எந்தக் களி, எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேளுங்க.